சின்னப் படகும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்

பெரிய கப்பல் ஊரைக் கெடுக்கும், சின்னக் கப்பல் ஊரைக் காக்கும் என்ற கருத்தை இன்று எவரும் கேள்வி கேட்பதில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிப் போனபோது முகம் சுளித்த ஆட்களே மட்டக்களப்புக்கு வேறொரு யோசனை சொல்கிறார்கள். மாமாங்கத் திருவிழாக் கூட்டம்போல ஒரு கப்பல் நிறைய ஆள் நமக்கு வேண்டாமாம்; பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் படகு போதுமாம். வாவியில் தீவு தீவாகப் போகலாம், மேற்குக் கரையான படுவான்கரையில் இறங்கலாம், கூத்துப் பார்க்கலாம், கண்ணகி கோயிலில் கும்பிடலாம், மீனவர் வீட்டில் சாப்பிடலாம். காசு நேரே ஊருக்குப் போகும், அழிந்துவரும் பண்பாடு பிழைத்துக்கொள்ளும், இயற்கைக்கும் சேதமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் நாவற்குடாவில் இருப்பவன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். இந்த யோசனையில் ஏற்கக்கூடிய ஒரு வரிகூட எனக்குத் தென்படவில்லை.

சிறியது என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கையை முதலில் எடுப்போம். பெருங்கப்பல் உள்ளே வந்துவிடுமோ என்று மட்டக்களப்பு ஒருநாளும் பயந்ததில்லை. வாவியின் வாயை மணல் காவல் காக்கிறது. மாரி வெள்ளம் ஏறி வயலும் வீடும் முழுகும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறோம்; பிறகு கடலே மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். 1602இல் ஒல்லாந்தக் கப்பல்தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்தான். மரியாதையான விருந்தாளிதான், கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்துப் பேசினான். 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1638இல் அதே ஒல்லாந்தர் வந்து அதைப் பிடித்தார்கள். பெருங்கப்பல் வெளியே நிற்க, வாவிக்குள் நுழைந்தவை எல்லாம் சின்னப் படகுகள். பெரியதால் போக முடியாத இடத்துக்குப் போவதற்கென்றே சின்னப் படகு கட்டப்படுகிறது. அதை விற்பவர்களின் முதல் விளம்பர வாசகமே அதுதான். அந்த ஒரு குணத்தை வைத்து அதைத் தீங்கற்றது என்று எப்படிச் சொல்வது?

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். நீளத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. பல இடங்களில் ஆள் இறங்கி நின்றால் மார்பளவு தண்ணீர்தான். அதனால்தான் நம் தோணிகள் சவள் வலித்தும் கம்பு ஊன்றியும் போகின்றன. வலை விரிப்பது அந்தியில், இழுப்பது விடியப்புறம். உல்லாசப் பயணிக்கு வேண்டிய நேரமும் அதுவேதான். உதயமும் அஸ்தமனமும் பார்க்கத்தானே அவர் காசு கொடுக்கிறார், மட்டக்களப்பு மத்தியான வெயிலில் யார் படகேறுவார்? பறவை பார்க்க அவர் போக விரும்புவது கண்டல் ஓரத்துக்கு. இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்குவதும் அதே கண்டல் வேருக்குள்தான். ஒரே நேரத்தில் ஒரே தண்ணீரில் இரண்டு தொழில். ஒருவரிடம் இயந்திரம் இருக்கிறது, மற்றவரிடம் நூல்வலை இருக்கிறது. இரண்டும் முட்டினால் அறுபடுவது எது என்று சொல்லத் தேவையில்லை. அறுந்த வலைக்கு யார் காசு கொடுப்பது என்று எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் நான் வாசித்ததில்லை. (பாடும் மீனைக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போகிறவர்களும் உண்டு. 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இந்த வாவியில் அந்த ஓசையைக் கேட்டு எழுதிவைத்தார். அவரை ஏற்றிப்போன தோணியில் இயந்திரம் இல்லை.)

ஒரு படகுக்குத்தானே இவ்வளவு பேச்சு என்பார்கள். ஒரு படகோடு நின்ற ஊரை எனக்குக் காட்டுங்கள். கேரளத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களை 1990களின் தொடக்கத்தில் வீட்டுப் படகுகளாக மாற்றத் தொடங்கியபோது, அழியப்போகும் ஒரு தச்சுக் கலையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. இன்று ஆலப்புழையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடுபவை ஆயிரத்துக்கும் மேல். 2002இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வேம்பநாட்டுக் காயல், படகுகளின் மலத்தையும் டீசலையும் சுமந்து கிடக்கிறது. அங்கும் ஒவ்வொரு படகும் சின்னப் படகுதான்.

சின்னக் கப்பல் பயணத்துக்கு மாதிரியாக எல்லோரும் காட்டும் கலாபகசுத் தீவுகளையும் சரியாகப் பார்க்க வேண்டும். லார்ஸ் எரிக் லின்ட்பிளாட் என்ற சுவீடன்காரர் 1960களில் அன்டார்ட்டிக்காவுக்கும் கலாபகசுக்கும் சிறு குழுக்களைக் கூட்டிப்போனார். 1969இல் ஏறத்தாழ நூறு பேர் ஏறும் ஒரு சிறு கப்பலைத் தன் பெயராலேயே கட்டுவித்தார். இன்றைய சிறுகப்பல் சுற்றுலாவின் மூதாதை அவர்தான். ஆனால் கலாபகசு இவ்வளவாவது தப்பி நிற்பதற்குக் கப்பல்காரரின் நல்ல மனது காரணமில்லை. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது, ஒரு வழிகாட்டியோடு 16 பேருக்கு மேல் இறங்கக்கூடாது, எந்தக் கப்பல் எந்தத் தீவில் எப்போது நிற்கும் என்பதைத் தேசியப் பூங்காதான் தீர்மானிக்கும். அந்தக் கட்டுப்பாட்டில் ஒன்றையும் நம்மிடம் பேசாமல், கப்பலின் அளவை மட்டும் எடுத்து நீட்டுகிறார்கள்.

அடுத்தது, வெளியுலகம் தொடாத ஊர் என்ற கதை. இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு வாவியைக் கடந்தால் போதும். குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் ஏறினால் அக்கரையில் மண்டூர். நெல்லும் பாலும் இக்கரைக்கு வந்தன, மீனும் உப்பும் புடவையும் அக்கரைக்குப் போயின. காத்தான்குடி வியாபாரி போகாத படுவான்கரைக் கிராமம் கிடையாது. கல்லடிப் பாலம் கட்டியதே 1924இல். அந்தப் பக்கத்தைத் தொலைவாக்கியது தண்ணீர் இல்லை, யுத்தம். 1987இல் மகிழடித்தீவு இறால் பண்ணையில் படையினர் ஊராரைச் சுட்டுக் கொன்றார்கள். 1991 ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் மறுபடியும் கொன்றார்கள். 2007இல் படுவான்கரைச் சனம் பிள்ளைகுட்டிகளோடு வாவியைக் கடந்து ஓடி வந்தது. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான். ஓட்டு வீடு இல்லாததும் விளக்கு மங்கலாக எரிவதும் அங்கே மரபு என்று ஒருவர் படம் பிடித்தால், அவர் எடுப்பது முப்பது வருடப் புறக்கணிப்பின் படம். அதைப் பழமையின் அழகு என்று விற்க எவருக்கும் உரிமையில்லை.

பண்பாட்டைக் காப்பது என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. நல்ல மனதுள்ள பலர் இதில்தான் விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வடமோடியோ தென்மோடியோ, ஒரு கூத்து ஆடுவதென்றால் அதைப் பழக்கும் அண்ணாவியார் முதலில் சட்டம், அதாவது ஆடுபவருக்குரிய பாட்டும் வசனமும், கொடுப்பார். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது அப்போதே ஊரில் பேச்சாகிவிடும். கொம்புமுறி விளையாட்டில் கட்சி பிரிந்ததுபோலக் கோபதாபமும் வரும். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகு அரங்கேற்றம். வட்டக்களரியைச் சுற்றி ஊர் உட்கார்ந்து விடியும்வரை பார்க்கும். ஆடுபவனின் மாமி வந்து மாலை போடுவாள், மச்சான் சால்வை போர்த்துவான். தாளம் பிசகினால் முன்வரிசையில் இருக்கும் கிழவர் சத்தம் போடுவார், ஏனென்றால் அதே பாத்திரத்தை அவர் வாலிபத்தில் ஆடியவர். இதற்குள் விருந்தாளி வந்து உட்காருவதில் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். படகுக்காரர் கேட்பது இதையல்ல. நாற்பது நிமிடம், மாலை ஆறு மணி, கரையோரப் புல்தரை, இரண்டு ஆட்டம், ஒரு மத்தளம், முடிவில் கைதட்டல். பிழை சொல்லத் தெரிந்த ஒருவரும் இல்லாத சபைக்கு ஆடி ஆடி எந்த ஆட்டக்காரன் தேறுவான்?

காலத்துக்கு ஏற்பச் சுருக்கக்கூடாதா என்றால், தாராளமாகச் சுருக்கலாம். சுருக்கியும் இருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். 1965இல் மேடையேறிய 'இராவணேசன்' அப்படி வந்தது, மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார். பிற்காலத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர் ஆட்டக்காரரும் சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். எதை விடுவது, எதை வைப்பது, பெண் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று களரியிலேயே சண்டை பிடித்துத் தீர்மானித்தார்கள். அவர்கள் யாரும் படகு திரும்பும் நேரத்தைப் பார்த்துச் சுருக்கவில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். யுத்தம் நடந்த கால்நூற்றாண்டில் படுவான்கரைக்கு உல்லாசப் படகு எதுவும் போகவில்லை. சடங்கு நின்ற வருடங்கள் உண்டு, கோயில் உடைந்த இடங்கள் உண்டு. ஆட்கள் திரும்பி வந்ததும் மறுபடி சடங்குக்குக் கல்யாணக்கால் நட்டார்கள், மறுபடி மத்தளம் கட்டினார்கள். சுற்றுலா இல்லாவிட்டால் பண்பாடு செத்துவிடும் என்பவர்கள் இந்தக் கால்நூற்றாண்டுக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

சடங்கு இன்னும் கூர்மையான விஷயம். நம் கண்ணகி கோயில்கள் பலவற்றில் கதவு திறப்பது வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில். வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி முடித்ததும் மறுபடி கதவை அடைத்துவிடுவார்கள். மண்டூர் முருகனுக்குக் கதிர்காம முறைப்படி வாய் கட்டிப் பூசை. மூலஸ்தானம் திரைக்குப் பின்னால். மூடி வைப்பதும் மறைத்து வைப்பதும் இந்த வழிபாட்டின் உள்ளடக்கம். கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. வைகாசிச் சடங்கும் மண்டூரின் ஆவணித் திருவிழாவும் சரியாக அதற்குள் வந்து விழுகின்றன. முதல் வருடம் படகு வந்து ஓரமாக நிற்கும். அடுத்த வருடம் அட்டவணையில் ஏறும். அதற்கடுத்த வருடம், ஆகஸ்டிலும் ஒருதரம் கதவைத் திறந்து காட்ட முடியாதா, கோயிலுக்கு நன்கொடை தருகிறோம் என்று கேட்பார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு வனுவாட்டுக் கதை தெரிந்திருக்க வேண்டும். அங்கே பெந்தெகொஸ்த் தீவில் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு உயரமான மரக்கோபுரத்திலிருந்து ஆண்கள் தலைகீழாகக் குதிக்கும் சடங்கு ஒன்று உண்டு. வள்ளிக்கிழங்கு அறுவடையை ஒட்டி ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் செய்வார்கள். கொடி வேண்டிய அளவு நெகிழ்ந்து கொடுப்பது அந்தப் பருவத்தில்தான். 1974 பெப்ரவரியில் எலிசபெத் இராணி வந்தார். அவர் பார்க்கவேண்டும் என்று பருவம் தப்பிய நேரத்தில் குதிக்கச் செய்தார்கள். கொடி அறுந்து ஒருவர் இறந்துபோனார். இராணி எவரையும் மிரட்டியதாக நான் அறியேன். விருந்தாளியின் நாட்காட்டி ஊரின் நாட்காட்டியை வென்றது, அவ்வளவுதான்.

நேருக்கு நேர், மனிதரோடு மனிதர் சந்திப்பது என்கிறார்களே, அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அவுஸ்திரேலிய இயக்குநர் டெனிஸ் ஓ'ரூர்க் 1988இல் எடுத்த 'கேனிபல் டூர்ஸ்' என்ற ஆவணப்படம் பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் போகும் ஒரு சிறு உல்லாசக் கப்பலைப் பின்தொடர்கிறது. ஐரோப்பியப் பயணிகள் இறங்குகிறார்கள், சிற்பத்துக்கு விலை குறைக்கச் சொல்கிறார்கள், சிறுவர்களைப் படமெடுக்கிறார்கள். எதையும் வாங்காமல் போகிறார்களே என்று ஒரு பெண் கொதிக்கிறாள். இவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று ஊர்க்காரருக்கு விளங்கவேயில்லை. எல்லோரும் ஒருவரோடொருவர் மிக அருகில்தான் நிற்கிறார்கள். அந்த அருகாமையால் அவர்களுக்கு இடையில் ஒன்றும் நேரவில்லை. நம் பக்கத்தில் தேட வேண்டுமென்றால் வேடர் வாழும் தம்பானைக்குப் போகலாம். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேடர் வேட்டையாடிய காடு அவர்களுக்கு அந்நியமானது. காட்டை எடுத்துக்கொண்ட பிறகு வில்லோடு நின்று படத்துக்கு முகம் காட்டும் வேலை மிஞ்சியது. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் கிராமங்கள் இருக்கின்றன. அங்கேயும் படகில் போய்ப் பார்க்கலாமே என்று யாராவது சொல்லும்போது எனக்குத் தம்பானைதான் நினைவுக்கு வருகிறது.

காசுக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வெளி இணைப்பு எஞ்சின், உயிர்காப்பு அங்கி, அனுமதிப் பத்திரம், ஆங்கிலம், இணையத்தில் முன்பதிவு: இவை எல்லாம் யாரிடம் இருக்கின்றன? தோணிக்காரனிடம் இல்லை. அவன் கூலிக்குப் படகோட்டுவான். மாரி தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பிறகு ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது வள்ளம் ஏற்றிய கரை யாருடையதாயிற்று என்று அந்த ஊராரைக் கேளுங்கள். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் எண்ணெய்க்கு வரிசை. இந்த மூன்று இடியிலும் உல்லாசப் பயணம் ஒரே நாளில் நின்றது. வாவியில் மீன் இருந்தது. வலையை விற்றுப் படகு வாங்கியவனுக்கு அந்தக் காலத்தில் யார் சோறு போட்டிருப்பார்கள்? ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடிகளைக் கூட்டிப்போய்ச் சம்பாதிக்கிறார்களே என்று கேட்கலாம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் கடலின் அடியில் கிடக்கிறது. அதன் முற்றத்தில் யாரும் குடியிருக்கவில்லை. அந்தத் தொழிலை நான் எதிர்க்கவும் இல்லை.

வெள்ளைக்காரரை மட்டும் குறைசொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆடி, ஆவணியில் படகை வாடகைக்குப் பிடித்து, பாட்டுப் பெட்டியை அலறவிட்டு, எருமைத்தீவைச் சுற்றி வருபவர்களில் நம் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒரு ஏரியில் இறங்க எத்தனை சட்டம் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே வந்ததும் எல்லாம் மறந்துபோகும். தாய்மண் என்றால் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள் போலும்.

அப்படியானால் யாருமே வரக்கூடாதா என்று கேட்பார்கள். வரலாம். கேட்டுவிட்டு வரலாம். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தில் முகாமைத்துவப் பிரதேசங்களை அறிவிக்கவும், மீனவர் குழுக்கள் அமைக்கவும் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அந்தக் குழுக்களின் கையில் வாவியின் வரைபடத்தைக் கொடுங்கள். எங்கே வலை விரிக்கிறார்கள், எங்கே மீன் குஞ்சு பொரிக்கிறது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இயந்திரம் போகக்கூடாது என்று அவர்கள் கோடு போடட்டும். அறுந்த வலைக்கு ஈடு கட்ட ஒவ்வொரு படகும் முன்பணம் வைக்கட்டும். சடங்கு நாளில் கோயில் துறையை அணுகுவதா என்பதை அந்தந்தக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிய வேண்டும். கூத்துப் பார்க்க ஆசையுள்ளவர் அரங்கேற்ற இரவுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, விடியும்வரை பார்க்கட்டும். படகு எவருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்: வாவிக் கரையில் பிறந்து வாவியில் தொழில் செய்பவருக்கே முதல் அனுமதி.

இது எதுவும் நடக்காத காரியமில்லை. பிரதேச செயலகங்களும், கடற்றொழில் திணைக்களமும், மீனவர் சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு மாரிகாலத்துக்குள் முடிக்கலாம். முடிக்கும்வரை மட்டக்களப்பு வாவியில் புதிதாக ஒரு உல்லாசப் படகுக்கும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அனுமதி கொடுக்கக்கூடாது.